பையை மட்டும் பஸ்ஸில் ஏற்றினோம்

சவரிமுத்து செத்த நேரத்தில் அவர் கம்பெனிக்குள் இல்லை என்ற பொய்யை முதலில் சொன்னது கம்பெனி அல்ல. நாம்தான் சொன்னோம். வாயால் சொல்லவில்லை, அவருடைய கார்டை மெஷினில் தட்டிச் சொன்னோம். அவர் உள்ளே உற்பத்தி லைனில் நின்றுகொண்டிருந்தார். வெளியே போய்விட்டார் என்று மெஷினுக்குத் தெரிவித்துவிட்டு, அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

செய்தி வந்தபோது பஸ் சிங்கப்பெருமாள் கோவிலை நெருங்கியிருந்தது. முதல் ஷிப்ட் முடிந்த மதியம். நல்ல வெயில். ஜன்னலோரத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் பை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நான். டிரைவர் தேவராஜ் அண்ணனின் போன் விடாமல் அடித்ததால் வண்டியை ஓரங்கட்டி எடுத்தார். கேட்டுவிட்டுத் திரும்பியவரின் முகம் சரியில்லை.

"டேய், சவரி மேல பொட்டிங்க சரிஞ்சிட்சாம்டா."

"எந்த சவரி?" என்று யாரோ கேட்டார்கள்.

"எத்தினி சவரிடா கீறான் நம்ம பஸ்ஸுல? புத்தகக்காரன்தான்."

"பை இங்க கீதே" என்றாள் பின் சீட்டிலிருந்த கலா. பை இங்கே இருக்கும்போது ஆள் எப்படி அங்கே இருக்க முடியும் என்று அவள் நிஜமாகவே குழம்பிப்போனாள். அதற்குள் அடுத்த போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கும் முன்பே முடிந்துவிட்டது என்றார்கள்.

நம் பஸ்ஸில் வராதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கார்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளர்கள் வெளியேற நான்கு வாசல்கள் உண்டு. எங்களைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒரே வாசல், ஒரே மெஷின். ஷிப்ட் முடிந்தால் அதன் முன்னால் ரேஷன் கடை வரிசை. பஸ் யாருக்காகவும் நிற்காது. விட்டால் சொந்தக் காசில் ஷேர் ஆட்டோ. ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். லைனில் இருப்பவர்களின் கார்டுகளைக் கொத்தாக வாங்கிக்கொண்டு ஒருவர் முன்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் தட்டிவிடுவார். மற்றவர்கள் பைகளைக் கொண்டுபோய் பஸ்ஸில் இடம் பிடிப்பார்கள். வாரத்துக்கு ஒருவர் முறை. செக்யூரிட்டிக்கும் தெரியும், வரிசை சீக்கிரம் கலைந்தால் அவருக்கும் நிம்மதி. இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி என்றே நினைத்தோம். நமக்குள் இருந்த ஒரே ஒற்றுமை அதுதான் என்றுகூட ஒரு முறை நான் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

அன்று அடுத்த ஷிப்டில் சவரிமுத்துவின் இடத்துக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. வரும்வரை நில் என்றார் சூப்பர்வைசர். அந்த மாதிரி நிற்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். சவரிமுத்து லைனிலிருந்தே கத்தினார்: "ஏல, பைய எடுத்துட்டுப் போங்க. கார்டு சைடு ஜிப்புல கெடக்கு. ஆள் வந்ததும் ஓடி வந்துருதேன்." எடுத்துக்கொண்டு போனோம். தேவராஜ் அண்ணன் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்தார். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார் என்று நாமே சொல்லி வண்டியை எடுக்கச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிவர்ஸில் வந்து, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்த இரும்புப் பெட்டிகளில் மோதியது.

கார்டுக் கொத்து அன்று யார் கையில் இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாரும் நிம்மதியாகிவிடுவீர்கள்.

அவரைப் பற்றி அஞ்சலிக் குறிப்பு எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

சவரிமுத்துவுக்கு ஊர் உடன்குடிப் பக்கம். எனக்கு விழுப்புரம் பக்கம். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரே அறையில் இருந்தோம். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். அறையில் அவரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். குளிக்கப் போனால் டிரம் காலியாகும். அடுத்தவன் சோப்பைத் தன் சோப்பு என்று சாதிப்பார். கேட்டால், "ஒன் சோப்புல ஒன் பேரா எழுதியிருக்கு?" என்பார்.

சில வருடங்களுக்கு முந்தைய பொங்கலையொட்டி அறைக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து பழைய பேப்பர் மூட்டை ஒன்று இறங்கியது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எங்கப்பா காலத்து குப்பபா அது, கடையில போட்டு டீ குடிங்க" என்றார். மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் சவரிமுத்து அதிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டார். ஒரு செய்திப் பத்திரிகையின் வருடக் கடைசி இதழ். அறுபதுகளின் நடுவில் வந்தது. அட்டை இல்லை, ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. உள்ளே கொட்டை எழுத்தில் 'இந்த ஆண்டு உலகம்' என்று தலைப்பு. அந்த வருடம் பூமியில் நடந்ததெல்லாம் அதில் இருந்தது. மற்ற எல்லாரும் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு போகும் பஸ்ஸில் இவர் மட்டும் அறுபது வருடத்துக்கு முந்தைய செய்தியைப் படித்துக்கொண்டு வந்தார். சில நாட்களில் தனியாகப் படிப்பது அலுத்துப்போய், எழுந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் நாள் வாசித்தது நினைவிருக்கிறதா? எல்லையில் டாங்கிகள். ஊரெங்கும் அரிசிக்கு வரிசை. கடலுக்கு அப்பால் ஒரு சின்ன நாட்டின் மேல் ஒரு பெரிய நாடு குண்டு போட்டுக்கொண்டிருக்கிறது. தேவராஜ் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"இன்னாபா, போன வாரம் டிவில வந்ததயே படிச்சிகினு வர?"

"இது அறுவது வருசத்துக்கு முந்தி உள்ளது அண்ணாச்சி."

"அப்ப இன்னும் முடியலையா அந்த சண்ட?"

விண்கலத்தை விட்டு வெளியே வந்து மிதந்த மனிதனின் படம் ஒன்று அரைப் பக்கத்துக்கு இருந்தது. அதைத் தூக்கி எல்லா சீட்டுக்கும் காட்டினார். "நல்லா பாருங்க. வயித்துல கயிறு கட்டித்தான் வெளிய வுட்டுருக்கான். ஆகாசத்துக்கே போனாலும் கயிறு கம்பெனி கையிலதாம்ல இருக்கு." அடுத்த பக்கத்தில் வருங்காலம் பற்றி ஒரு கட்டுரை. இன்னும் சில பத்து ஆண்டுகளில் எல்லா வேலைகளையும் இயந்திரங்களே செய்துவிடும். ஓய்வு நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் மனிதனின் பெரிய சிக்கலாக இருக்கும் என்று யாரோ ஒரு நிபுணர் எழுதியிருந்தார். நாம் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த நாள் அது. சவரிமுத்துவால் வாசிக்க முடியவில்லை. சிரிப்பில் கம்பியை விட்டுவிட்டு என் மடியில் விழுந்தார். "ஓய்வு நேரத்த என்ன செய்யன்னு தெரியாம திண்டாடுவமாம்ல! ஏல, கலா, நீ திண்டாடுதியா?"

"ஆமாண்ணா, ஒரே திண்டாட்டம். ஞாயித்துக்கிழம ஓவர்டைம் குடுக்கலன்னா இன்னா பண்றதுன்னே தெர்ல" என்றாள் கலா.

பீகார்காரர் ஒருவர் கொஞ்ச நாள் நம் பஸ்ஸில் வந்தார். என்ன படிக்கிறாய் என்று சைகையில் கேட்டார். அந்தப் பக்கத்தில் இருந்தது நம் ஊர் மாணவர்களின் மொழிப் போராட்டம். சவரிமுத்து தன்னிடமிருந்த அரைகுறை இந்தி முழுவதையும் செலவழித்து, இந்தி வேண்டாம் என்று நம் ஆட்கள் எப்படிப் போராடினார்கள் என்பதை அவருக்கு இந்தியிலேயே விளக்கினார். முடித்துவிட்டு வெற்றிகரமாக நம்மைப் பார்த்தார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த உடைந்த தமிழில், "உங்க ஹிந்தி கேட்டா நானும் போராட்டம் பண்ணும் பாய்" என்றார். அன்று பஸ் சிரித்த சிரிப்பில் வழியில் இறங்கவேண்டியவர்கள் இறங்க மறந்தார்கள்.

அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்று உண்டு. "ஒலகத்துல என்ன நடந்தாலும் நம்ம பஸ்ஸுக்கு வந்து சேர அறுவது வருசம் ஆவுதுல." அது வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை இல்லாத பக்கமும் அந்த இதழில் இருந்தது. ஒரு பக்கம் முழுவதும் அந்த ஆண்டில் மறைந்த பெரியவர்கள், கட்டம் கட்டிய படங்களோடு. அதற்கு எதிர்ப்பக்கத்தின் அடியில், வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்து ஏராளமான தொழிலாளர்கள் மாண்டனர் என்று இரண்டு வரி. சவரிமுத்து பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் வந்தார்.

"ஏராளம்னா யாரு யாருல? ஒருத்தன் பேருகூடவா கெடைக்கல?"

"அத்தினி பேரும் போட்டா பேப்பர் பத்துமாபா?" என்றார் தேவராஜ் அண்ணன்.

"நடிகை கல்யாணத்துக்கு ரெண்டு பக்கம் பத்தியிருக்கே அண்ணாச்சி."

அந்தப் பத்திரிகை கிடைத்த வருடத்தின் டிசம்பரில்தான் நம் பஸ்ஸின் ஆண்டு மலர் தொடங்கியது. வருடத்தின் கடைசி வேலை நாளில், திரும்பி வரும்போது, பேக்கிங் அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொண்டு வாசிப்பார். அந்தப் பழைய பத்திரிகையின் நடை அப்படியே வரும். "இந்த ஆண்டு நமது பஸ். தலைவர் தேவராஜ் அவர்களின் தலைமையில் நமது ஊர்தி ஐந்து முறை பஞ்சர் கண்டது. குளிர்சாதன இயந்திரம் சென்ற ஆண்டைப் போலவே இந்த ஆண்டும் பூரண ஓய்வில் இருந்தது." யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யாரை வேலையை விட்டு நிறுத்தினார்கள், எல்லாம் வரும். கடைசியாக அடிபட்டவர்கள். ஊர், பெயர், எங்கே அடி என்று ஒவ்வொருவராக வாசிப்பார். கம்பெனி எந்தப் பலகையிலும் எழுதாத விவரம் அது.

போன டிசம்பரில் பஸ் ஏறும்போதே கலா அவரை மடக்கினாள். "ண்ணா, என் வெரலப் பத்திப் படிக்கக் கூடாது. தையில பொண்ணு பாக்க வராங்க. பஸ்ஸு பூரா எங்க மாத்தூரு ஆளுங்க." சரிம்மா, எடுத்துட்டேன் என்று அவள் கண் முன்னாலேயே அட்டையில் அடித்தார். வாசிப்பு நடந்தது. கிருஷ்ணகிரி மாது, கண்ணில் இரும்புத்தூள். ஒடிசா பபுலு, கால் கட்டைவிரல். முடித்து அட்டையை மடித்தபோது பின்னாலிருந்து கலாவின் குரல்.

"இன்னாண்ணா, என்ன வுட்டுட்ட?"

"நீதானம்மா வேண்டாம்ன."

"அவங்கள்லாம் கீறாங்க, நான் மட்டும் இன்னா இளப்பமா? படிண்ணா."

சவரிமுத்து அட்டையை விரித்தார். தொண்டையைக் கனைத்தார். "மாத்தூர் கலா. இடது கை. சுண்டுவிரல் நுனி. மோதிர விரல் நலமாக உள்ளது என்பதைச் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்."

பஸ் அதிர்ந்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் கலா. "கடைசி லைன இன்னொரு தபா படிண்ணா, சத்தமா" என்றாள்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அவருடைய வாசிப்புக்குக் கைதட்டத் தெரிந்த நமக்கு வேறு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று படுகிறது.

உடன்குடிக்கு உடலோடு போனவர்களில் நானும் ஒருவன். அவருடைய மனைவி அந்தோணியம்மாள் அதுவரை என்னைப் போனில் மட்டுமே அறிந்தவர். தன்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்று சவரிமுத்து வீட்டில் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். அக்கா போனில் கேட்டபோதெல்லாம் நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். அடக்கம் முடிந்து, பாதிரியார் போன பிறகு, அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பள்ளிச் சீருடையோடு மகள் பக்கத்தில் நின்றாள்.

"தம்பி, கம்பெனியில இருந்து போன் போட்டாவ. அவிய வேல முடிஞ்சு வெளிய போயிட்டாவளாம். எதையோ மறந்து வச்சிட்டு, எடுக்கதுக்குத் திரும்ப உள்ள வந்தாவளாம். வேல நேரத்துல நடக்கல, அதனால கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லங்காவ. நீங்க அங்கதான இருந்திய? அவிய வெளிய வந்ததப் பாத்தியளா?"

வெளியே வரவேயில்லை அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி. "விசாரிக்கிறேன் அக்கா" என்றேன். எதை விசாரிக்க? அவருடைய பையை என் கையால் சீட்டில் வைத்தவன் நான். அக்கா மகளை உள்ளே போகச் சொன்னார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க, ரொம்ப தூரம் போவணும்" என்றார். சாப்பிட்டேன். அதையும் செய்தேன்.

திரும்பி வந்ததும் அலுவலகத்தில் நம்மை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். குளிர்ந்த அறை, தண்ணீர் பாட்டில், மரியாதையான பேச்சு. ஒரே கேள்விதான். சவரிமுத்து அன்று பஸ்ஸில் ஏறினாரா? எனக்கு முன்னால் போன ஆள் வெளியே வந்து என் காதில் சொன்னார்: "பை இருந்துச்சுன்னு சொல்லிடு. அது பொய் இல்லல்ல." நான் உள்ளே போய், "பை இருந்துச்சு சார்" என்றேன். வெளியே வந்து அடுத்த ஆளிடம் அதையே சொன்னேன். எல்லாரும் அதையே சொன்னோம். அவர்கள் வேறெதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. கார்டு வெளியே போய்விட்டது என்கிறது மெஷின்; பை பஸ்ஸில் இருந்தது என்கிறார்கள் கூட வேலை செய்தவர்கள். நிற்கச் சொன்ன சூப்பர்வைசர் தான் அப்படிச் சொல்லவில்லை என்கிறார். ஒரு மனிதனை அவன் செத்த இடத்திலிருந்து அப்புறப்படுத்த இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏன் சொன்னோம் என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் கார்டைத் தட்டினால் வேலை போகும் என்று அந்த மெஷினுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வருகிறது. ஒருவரைக் காட்டிக்கொடுத்தால் கொத்தில் கார்டு இருந்த எல்லாரும் மாட்டுவோம். நான் உங்களைக் கோழை என்று சொல்ல வரவில்லை. ஒரே வாசலை வைத்து நம்மை ஓடவிட்டவன் எவனோ, அவனுக்கு நாமே சாட்சி சொல்லிவிட்டோம் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் ஃப்ளெக்ஸ் வைத்தோம். சிங்கப்பெருமாள் கோவில் ஆட்டோ நிறுத்தத்துக்கு எதிரில், கண்ணீர் அஞ்சலி என்று, நடுவில் அவருடைய படம் பெரிதாக. அடியில் இரண்டு வரிசையாக நம் படங்கள், பெயர்களோடு. என் படம் முதல் வரிசையில் வரவேண்டும், ஒரே அறையில் இருந்தவன் நான் என்று அச்சுக்கடையில் சண்டை போட்டேன். இரண்டாம் வரிசையில் போட்டதற்காக ஒருவர் கோபித்துக்கொண்டு காசு தர மறுத்தார். யார் என்று அவருக்குத் தெரியும். போன வாரம் காற்றில் அது கிழிந்து, ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் மழைக்கு மறைப்பாகக் கட்டிக்கொண்டார். நம் முகங்கள் அதில் ஒரகடத்துக்கும் ஸ்டேஷனுக்கும் போய் வந்துகொண்டிருக்கின்றன.

பையை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அதிலிருந்த டிபன் பாக்ஸையும் லுங்கியையும் எடுத்துக்கொண்டு, அந்த அட்டையில்லாத பத்திரிகையை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இது உங்க பஸ்ஸுல வாசிக்கதுன்னு சொல்லுவாவ." அது என்னிடம் இருக்கிறது. அவருடைய விரல் எண்ணெய் பட்டு ஓரங்கள் கறுத்திருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் அவர் கொஞ்சம் நிறுத்தி நம்மைப் பார்த்த பார்வையும்தான்.

அந்தோணியம்மாள் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார். வருகிற திங்கட்கிழமை காலை விசாரணை. வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று ஏற்கப்படாவிட்டால் அவருக்கும் அந்தப் பெண் குழந்தைக்கும் எதுவும் கிடையாது. அவர் தரப்பில் காகிதம் ஒன்றும் இல்லை. சவரிமுத்து லைனை விட்டு நகரவேயில்லை, கார்டைத் தட்டியது அவர் இல்லை என்று சொல்ல, பார்த்த ஆட்கள் வேண்டும். நான் போகிறேன். கார்டு ஏற்பாட்டையும் பையையும் சொல்லப்போகிறேன். என் வேலை போகும். ஆனால் ஒருவன் மட்டும் சொன்னால், அறைத்தோழன் பாசத்தில் பேசுகிறான் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்கிறார் அக்காவுக்காக வாதாடும் வக்கீல். பஸ்ஸே வந்து நின்றால் அப்படி ஒதுக்க முடியாது.

நேற்று நம் பஸ் குரூப்பில் கேட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அதற்குக் கீழே யாரோ, நாளை முதல் பஸ் ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பும் என்று போட்டார்கள். அதற்கு மட்டும் ஓகே ஓகே என்று வரிசையாகப் பதில்கள்.

மறுபடியும் இங்கே கேட்கிறேன். திங்கட்கிழமை என்னோடு யார் வருகிறீர்கள்? பெயரைச் சொல்லுங்கள்.